ஸ்டூலில் உட்கார்ந்த சிங்கம்

1984 கோடை விடுமுறையில் மதுரை தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். ராத்திரியானால் கூடாரத்து உச்சியிலிருந்து ஒரு விளக்கு வானத்தைத் துழாவும். வைகைக்குத் தெற்கே எங்கள் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தால் அந்த வெளிச்சக் கோடு தலைக்கு மேல் போய்ப் போய் வரும். ஒரு வாரம் நச்சரித்த பிறகு அப்பா கூட்டிக்கொண்டு போனார். கேலரி டிக்கெட். பார் விளையாட்டும் பபூன்களும் சைக்கிள் பெண்களும் முடிந்ததும் காக்கி டவுசர் போட்ட ஆட்கள் ஓடிவந்து இரும்புக் கம்பிச் சட்டங்களை வளையமாக நிறுத்திக் கொக்கி மாட்டினார்கள். பேண்டு வாத்தியம் நின்றது. கம்பிச் சுரங்கம் வழியாக ஆறு சிங்கங்கள் வந்தன.

ஐந்து சிங்கங்கள் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தன. ஆறாவது, பிடரி மயிர் பாதி உதிர்ந்த ஒரு கிழட்டு ஆண் சிங்கம், ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. ரிங் மாஸ்டர் சாட்டையைத் தரையில் சொடுக்கினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது கொட்டாவி விட்டது. கேலரி முழுக்கச் சிரிப்பு. “சிங்கத்துக்குத் தூக்கம் வந்துருச்சுடா” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். மாஸ்டர் சாட்டையைத் தாழ்த்தினார். அரை அடி முன்னால் போய் நின்றார். சிங்கத்தின் காதுகள் பின்னால் மடிந்தன. கால் அடி பின்வாங்கினார், காதுகள் நிமிர்ந்தன. மறுபடியும் அரை அடி. இந்த முறை சிங்கம் இறங்கி அவரை நோக்கி நாலு எட்டு வந்தது. அவர் பக்கவாட்டில் நழுவினார். அது அவர் நின்ற இடத்தைக் கடந்து, எதிரே இருந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெருப்பு வளையம் சும்மா எரிந்துகொண்டிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை. அன்றைய ஆட்டத்தில் கைதட்ட வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

சொல்லித்தந்தவர் ஹைனி ஹெடிகர். சுவிட்சர்லாந்துக்காரர், 1908-இல் பிறந்தவர், மிருகக்காட்சிசாலைகளை நடத்திக்கொண்டே அங்குள்ள உயிரினங்களின் மனத்தை ஆராய்ந்தவர். சர்க்கஸ் கூண்டுக்குள் நடப்பதையும் அவர் ஆய்வுக்குரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டார். அவர் கண்டது இது. ஒவ்வொரு காட்டு விலங்குக்கும் தன்னைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குள் எதிரி கால் வைத்தால் அது ஓடும். ஓட இடமில்லாமல் முட்டுச்சுவரில் நிற்கும்போது எதிரி இன்னும் நெருங்கினால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் அது திரும்பிப் பாயும். முதலாவது ஓட்டத் தூரம், இரண்டாவது பாய்ச்சல் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய இடைவெளிதான். சிங்கம் பழக்குகிறவரின் மொத்தப் பிழைப்பும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

சிங்கம் ஸ்டூலில் ஏறுவதை ஹெடிகர் விளக்கும் விதத்தைப் படித்தபோது எனக்குத் தமுக்கம் கண்ணெதிரே வந்தது. பழக்குகிறவர் சிங்கத்துக்கும் தனக்கும் நடுவே ஸ்டூல் இருக்கும்படி நின்றுகொள்வார். பின்னால் கம்பி, சிங்கத்துக்கு ஓட வழியில்லை. அவர் நெருங்குவார். பாய்ச்சல் தூரத்துக்குள் கால் பட்டதும் சிங்கம் அவரை நோக்கிப் பதுங்கி வரும். குறுக்கே ஸ்டூல் கிடப்பதால் அதன்மேல் ஏறித்தான் வர வேண்டும். ஏறிய அந்தக் கணத்தில் அவர் ஒரு எட்டு பின்வாங்கிவிடுவார். அவர் தூரத்துக்கு வெளியே போய்விட்டதால் பாய வேண்டிய அவசியம் சிங்கத்துக்கு இல்லாமல் போகிறது. அது ஸ்டூலிலேயே நின்றுவிடுகிறது. பார்க்கிற நமக்கு, மனிதர் உத்தரவு போட்டார், சிங்கம் கீழ்ப்படிந்தது என்று தோன்றும். உண்மையில் அவர் சிங்கத்திடம் ஒரு கேள்வி கேட்டு, அது பதில் சொல்லி முடிக்குமுன் விலகிக்கொண்டார். சாட்டை அடிப்பதற்கு இல்லை. கையை நீட்டிக் காட்டுவதற்கு. நாற்காலியை நீட்டுவதும் அப்படித்தான். நாலு கால்கள் ஒரே நேரத்தில் முகத்துக்கு நேரே ஆடும்போது சிங்கத்தின் கவனம் ஒன்றில் நிலைக்காமல் சிதறும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு விலங்கு ஆட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எனக்கு வேறாகிவிட்டது. நாம் இதுவரை மதிப்பிட்டது எதை என்று திரும்பிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் கூண்டுக்குள் சிங்கத்தோடு நின்று பெயர் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர் ஹென்ரி மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர். 1831-இல் பாரிஸில் அவர் நடித்த நாடகத்தின் பெயர் ‘மைசூர்ச் சிங்கங்கள்’. அதே ஆண்டு லண்டன் டிரூரி லேன் அரங்கில் அது ஹைதர் அலியின் பெயரோடு மேடை ஏறியது. மைசூர்க் காட்டில் சிங்கம் ஏது, புலிதானே என்று நம் ஊர்ப் பையன்கூடக் கேட்பான். பாரிஸில் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கொடுங்காடும், அதில் சிக்கிய ஒரு வீரனும். மார்ட்டின் தன் விலங்குகளை நிதானமாக, பொறுமையாகப் பழக்கினவர் என்றே சர்க்கஸ் வரலாற்றில் அறியப்படுகிறார். அந்தப் பொறுமையை யாரும் காசு கொடுத்துப் பார்க்க வரவில்லை.

அவருக்குப் பின் வந்த அமெரிக்கர் ஐசக் வான் ஆம்பர்க் அதை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டார். ரோமானியப் போர்வீரன் போல உடுத்திக்கொண்டு கூண்டுக்குள் போவார். சிங்கத்தின் வாயைப் பிளந்து தலையைக் கொடுப்பார். விலங்குகளை இரும்புத் தடியால் அடித்துப் பணியவைத்தவர் என்று பேர். 1839-இல் விக்டோரியா ராணி டிரூரி லேனுக்கு இவருடைய ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வந்தார். ஒரு நாள் ஆட்டம் முடிந்த பிறகும் தங்கியிருந்து, பசித்த விலங்குகளுக்கு இரை போடுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். லேண்ட்சீர் என்ற ஓவியர், கூண்டுக்குள் வான் ஆம்பர்க் சாய்ந்திருப்பதை ராணிக்காக வரைந்தும் கொடுத்தார்.

ஒரு ராஜ்ஜியத்தின் ராணி முதல் கேலரிக்காரர் வரை இந்த ஆட்டத்துக்குக் கொடுத்த மதிப்பெண், உள்ளே போன மனிதன் திரும்பி வருவானா மாட்டானா என்பதற்குத்தான். அந்த மதிப்பெண் முறை யாரைக் கொன்றது என்பதற்கு ஒரு பெயர் போதும். எலன் பிரைட். பதினேழு வயது. வோம்ப்வெல் என்பவரின் ஊர்சுற்றும் விலங்குக் காட்சியில் ‘சிங்க ராணி’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட பெண். 1850 ஜனவரியில் இங்கிலாந்தின் சாத்தம் ஊரில் கூண்டுக்குள் புலி அவளைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பெண்களைச் சிங்க ராணியாக்கிக் காட்டுவது நின்றது.

நாமும் இதே கண்ணோடுதான் வளர்ந்தோம். 1989-இல் வந்த ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லனுக்கு முடிவு எங்கே? சர்க்கஸ் சிங்கங்களுக்கு நடுவே. தியேட்டரில் நாங்கள் எழுந்து நின்று விசிலடித்தோம்.

இந்தப் பார்வையை மாற்ற முயன்ற பெரிய ஆள் ஹாம்பர்க் நகரத்து கார்ல் ஹாகன்பெக். விலங்கு வியாபாரி. உலகத்துக் காட்சிசாலைகளுக்கெல்லாம் யானையும் ஒட்டகமும் அனுப்பிவைத்தவர். வியாபாரத்தில் அவர் கண்ட ஒரு விஷயம்: எந்த இரண்டு சிங்கமும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று சோம்பேறி, ஒன்று பயந்தாங்கொள்ளி, ஒன்று எதற்கும் துணிந்தது. எல்லாவற்றையும் ஒரே சாட்டையால் அடித்தால் கிடைப்பது பயம் மட்டும்தான். 1880களில் அவர் முதல் குழுவைத் தயார் செய்தபோது வாங்கிய சிங்கங்கள் 21. தேறியவை நான்கு என்று அவரே எழுதியிருக்கிறார். மற்றவற்றை அடித்துத் தேற்றப் பார்க்காமல் விட்டதுதான் அவர் செய்த புதுமை.

அவருடைய முறையில் முதல் பாடம் எந்த வித்தையும் இல்லை. பழக்குகிறவர் கூண்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாள் கணக்கில். குரல் பழகும், வாடை பழகும், பெயர் பழகும். பிறகு உள்ளே போவார். குச்சி நுனியில் கறித்துண்டு குத்தி ஸ்டூலின் மேல் காட்டுவார். சிங்கம் ஏறும், தின்னும், இறங்கும். ஒரே ஸ்டூல், ஒரே இடம், ஒரே சொல். சில வாரங்களில் அந்த ஸ்டூல் அதனுடைய வீடாகிவிடும். ஆட்டத்தின் நடுவே குழப்பம் வந்தால் சிங்கம் ஓடிப்போய் உட்காருகிற இடம் அதுதான். ஆகவே மனிதனின் உயிர்க்காப்பும் அதுதான். அடுத்து இரண்டு ஸ்டூல்களை ஒட்டிப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கவைப்பார். தினமும் கொஞ்சம் தள்ளிப் போடுவார். ஒரு நாள் அது நடையாக இருக்காது, தாவலாக இருக்கும். குச்சியை மேலே தூக்கத் தூக்க முன்னங்கால்கள் தரையை விடும். மாதக்கணக்கில் இப்படி. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஹாகன்பெக்கின் குழு ஆடியதைப் பார்த்துவிட்டு அமெரிக்க சர்க்கஸ்காரர்கள் தங்கள் வழியை மாற்றத் தொடங்கினார்கள்.

1907-இல் ஹாம்பர்க்கின் ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கத்துக்கு முன்னால் கம்பி இல்லை, அகழிதான். சிங்கம் எவ்வளவு தூரம் தாவும் என்று அளந்து பார்த்து வெட்டிய அகழி. மறுபடியும் தூரம்.

ஆனால் ஹாகன்பெக்கைக் கும்பிட்டு விட்டுவிட முடியவில்லை. விலங்குகளிடம் இதமாக நடந்துகொள்ளச் சொன்ன அதே மனிதர், 1880களில் இலங்கையிலிருந்து மனிதர்களைக் கூட்டிப்போய் யானைகளோடு சேர்த்து ஜெர்மன் நகரங்களில் காட்சிக்கு வைத்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அவர்கள் சமைப்பதையும் ஆடுவதையும் ஜனங்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்சிப்பொருளை அடிக்காமல் இருப்பதும், காட்சிப்பொருளாகவே ஆக்காமல் இருப்பதும் வேறு வேறு என்பது அவருக்குப் படவில்லை. இந்தக் கட்டுரையின் கடைசிவரை அந்த வேறுபாடு நம்மோடு வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் இரண்டாகப் பிரிந்தது. சீற்றப் பாணி, இதப் பாணி என்று சொல்லலாம். முதல் பாணியின் ராஜா அமெரிக்காவின் கிளைட் பீட்டி. வெள்ளை உடை, ஒரு கையில் சாட்டை, மறு கையில் நாற்காலி, இடுப்பில் வெற்றுத் தோட்டா போட்ட கைத்துப்பாக்கி. சிங்கமும் புலியுமாக நாற்பது விலங்குகளை ஒரே கூண்டில் நிறுத்தினவர். அவை உறுமும், நாற்காலியை அறையும், அவர் கம்பியை ஒட்டிப் பின்வாங்குவார், கதவு வழியாகத் தப்பி வெளியே வருவார், மறுபடியும் உள்ளே பாய்வார். அந்த அறைதலும் பெரும்பாலும் பழக்கியதுதான். நாற்காலியை அறைந்துவிட்டு ஸ்டூலுக்குப் போக வேண்டும் என்று சிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆனால் பழக்கிய சீற்றம் எப்போது நிஜச் சீற்றமாகும் என்று சிங்கத்துக்கே தெரியாது. 1932-இல் நீரோ என்ற சிங்கம் கடித்து, அந்தப் புண்ணில் ஏறிய விஷக்காய்ச்சலில் அவர் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். செய்தித்தாள்கள் கொண்டாடின. கூட்டம் கூடியது.

மறுபக்கம் ஆல்ஃபிரெட் கோர்ட். பிரெஞ்சுக்காரர். 1883-இல் பிறந்தவர். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, ஓநாய், நாய் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் கலந்து உட்காரவைத்தார். ஒன்றையொன்று கொல்லக்கூடிய விலங்குகளை அடுத்தடுத்து அமைதியாக இருக்கப் பழக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதை இந்தத் தொழில் தெரிந்தவர்கள்தான் உணர முடியும். 1940-இல் அவருடைய குழுக்கள் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸில் ஆடின. அங்கே அவரோடு போன ஒருவர் நம் நாட்டுக்காரர்: புனேயில் 1902-இல் பிறந்த தாமு தோத்ரே. உறவினரின் சர்க்கஸில் சிறுவனாகச் சேர்ந்து, கோர்ட்டிடம் தொழிலின் நுணுக்கம் கற்று, ரிங்லிங்கில் சிறுத்தைகளோடு தனித்து நின்று பெயர் வாங்கினார். சிறுத்தை சிறியது, வேகமானது, எச்சரிக்கை கொடுக்காதது; பழக்குவதற்குச் சிங்கத்தைவிடக் கடினம் என்பார்கள். தோத்ரே கருஞ்சிறுத்தையைத் தோளில் சுமந்துகொண்டு நடப்பார். புளோரிடாவின் சரசோட்டாவில் சர்க்கஸ் கலைஞர்களுக்கான புகழ்க்கூடத்தில் 1971-இல் அவர் பெயர் சேர்ந்தது. 1973-இல் காலமானார். எங்கள் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வந்ததில்லை. வந்திருக்க வேண்டும்.

மொனாக்கோவின் மூன்றாம் ரெய்னியர் இளவரசர் 1974-இல் மான்டி கார்லோவில் ஒரு சர்க்கஸ் விழா தொடங்கினார். தங்கக் கோமாளி, வெள்ளிக் கோமாளி, வெண்கலக் கோமாளி என்று விருதுகள். சர்க்கஸ் உலகத்தில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. முதல் ஆண்டுத் தங்கக் கோமாளியைப் பெற்ற இருவரில் ஒருவர், தொண்ணூறைக் கடந்திருந்த ஆல்ஃபிரெட் கோர்ட். மற்றவர் ஸ்பெயினின் கோமாளி சார்லி ரிவல். நடுவர் மேஜையில் சர்க்கஸ் நடத்துகிறவர்களும் தொழிலில் பழம் தின்றவர்களும் உட்காருகிறார்கள்.

அந்த மேஜையில் உட்கார்ந்தால் எதைப் பார்க்க வேண்டும்? படித்ததையும் ஆட்டங்களை மறுபடி மறுபடி பார்த்ததையும் வைத்து என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் மனிதனைப் பார்க்கவே கூடாது. சுரங்கத்திலிருந்து விலங்கு வெளியே வருகிற முதல் சில விநாடிகளைப் பார்க்க வேண்டும். வயிற்றைத் தரையோடு தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு வந்தால் அது வேலைக்கு வரவில்லை, தண்டனைக்கு வருகிறது. தலை நிமிர்ந்து தன் ஸ்டூலைத் தேடிப் போனால் பாதி மதிப்பெண் அங்கேயே விழுந்துவிட்டது. பிறகு காது. தட்டையாக மடிந்த காது பயத்தையோ கோபத்தையோ சொல்லும். அடுத்தது தோல், மினுமினுப்பும் தசைக்கட்டும் ஆட்ட நேரத்தில் வருவதில்லை, ஆண்டு முழுக்கப் போட்ட தீனியில் வருவது. புலிகள் இருந்தால் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். புலி தனக்கு வேண்டியவரைப் பார்த்தால் மூக்கு வழியாக ‘ஃபுர்’ரென்று காற்றை ஊதும். அது அதனுடைய வணக்கம். சிங்கத்துக்கு அந்த ஓசை இல்லை. பழக்குகிறவர் பக்கத்தில் வரும்போது புலி அப்படி ஊதினால், பதிலுக்கு அவரும் ஊதினால், அந்த இருவருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வித்தைகளில் நெருப்பு வளையத்துக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். பாய்வது பூனைக்குலத்தின் இயல்பு. வளையம் வைத்துப் பாயப் பழக்குவது எளிது. நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அதுவும் நடந்துவிடும். கூட்டத்தை மிரட்டுவதற்குத்தான் அது. உருளுவது அப்படியில்லை. மல்லாந்து அடிவயிற்றைக் காட்டுவது ஒரு புலிக்கு எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு! அதிலும் தனிமையில் வாழப் பிறந்த புலிகள் ஐந்தாறு தோளோடு தோள் உரசப் படுத்துக்கிடப்பது. கேலரிக்கு அது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நடுவருக்கு அதுதான் உச்சம்.

கடைசியாக, மறுப்பு. ஆறில் ஒன்று இறங்க மறுக்கும். எந்தக் குழுவிலும், என்றைக்காவது. அப்போது பழக்குகிறவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய இருபது வருஷமும் தெரிந்துவிடும். அவமானத்தில் சாட்டையை ஓங்குகிறாரா? கெஞ்சுகிறாரா? அரை அடி முன்னால் போய்க் கால் அடி பின்னால் வருகிறாரா? தமுக்கத்து மாஸ்டருக்கு நான் எந்த மேஜையிலும் தங்கம் கொடுத்திருப்பேன்.

இந்த அளவுகோலைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அது எனக்குப் போதவில்லை. மான்டி கார்லோ நடுவர் பார்ப்பது ஏறக்குறைய பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு விலங்கு நிம்மதியாக இருக்கலாம், உற்சாகமாகக்கூட இருக்கலாம். மீதி நாள்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சர்க்கஸ் விலங்குகள் ஒரு நாளில் ஆட்டத்திலும் பயிற்சியிலும் கழிப்பது 1 முதல் 9 சதவீத நேரம். மிச்சத்தில் பெரும்பகுதி அடைப்பில்.

பழக்குகிறவர்கள் பக்கத்து வாதத்தையும் சொல்லியாக வேண்டும். விலங்கு நலச் சங்கத்தின் வேண்டுகோளின் பேரில் பிரிட்டனின் சர்க்கஸ்களை ஆராய்ந்த மார்த் கைலி-வொர்திங்டன், 1990-இல், சர்க்கஸ் என்றாலே கொடுமை என்று சொல்ல முடியாது, பயிற்சி விலங்குக்கு நன்மையும் செய்யலாம் என்று எழுதினார். 2007-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ராட்ஃபோர்ட் குழுவும், தடை போடும் அளவுக்கு அறிவியல் சான்று போதாது என்றே சொன்னது. இங்கிலாந்து பிறகு 2019-இல் சட்டம் போட்டு 2020 ஜனவரி முதல் காட்டு விலங்குகளைச் சர்க்கஸிலிருந்து விலக்கியது, அறத்தின் பேரில்தான். நல்ல பழக்குநர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன், கண்ணால் பார்த்தவன். ஆனால் ஊர் ஊராக லாரியிலும் ரயிலிலும் போகிற ஒரு தொழிலில் சிங்கத்துக்குக் கூண்டைத் தவிர வேறு வீடு கொடுக்க எந்த நல்லவராலும் முடியாது. பழக்குகிறவரின் குணத்தால் தீர்க்க முடியாத குறை அது.

இதை நம் நாட்டில் தெளிவாகச் சொன்னது ஒரு நீதிமன்றம்.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்த விலங்கைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று மத்திய அரசு பட்டியல் போடலாம். 1991 மார்ச்சில் முதல் பட்டியல் வந்தது, சர்க்கஸ் முதலாளிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அரசு குழு அமைத்தது, 1998 அக்டோபர் 14 அன்று புதிய அறிவிக்கை வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம். வழக்கு கேரளத்துக்குப் போனது. இந்திய சர்க்கஸுக்குத் தாய்வீடு அந்த மாநிலம்தான். 1880-இல் மும்பையில் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய முதல் இந்திய சர்க்கஸின் தொடர்பால் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் பயிற்சிப் பள்ளி வைத்தார்; அந்த மண்ணிலிருந்துதான் நம் ஊர்க் கூடாரங்களுக்கெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அதே கேரளத்தின் உயர் நீதிமன்றம் 2000 ஜூனில், மனிதர்களாக இல்லாவிட்டாலும் விலங்குகளும் வதையில்லாத, கண்ணியமான வாழ்வுக்கு உரியவை என்று தீர்ப்பளித்தது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சர்க்கஸ்காரர்கள் எங்கள் பிழைப்பு என்றார்கள்; அது பொய்யில்லை. நீதிமன்றம் பத்து நிமிட ஆட்டத்தை மட்டும் எடைபோடவில்லை, கூண்டையும் பயணத்தையும் பசியையும் சேர்த்து எடைபோட்டது. நடுவர் மேஜையில் யாரும் பார்க்காத பக்கம் அது.

இந்தப் பட்டியல் தமிழர்களுக்கு வேறு வழியில் நன்றாகத் தெரியும். 2011 ஜூலையில் அதே பட்டியலில் ஆறாவதாகக் ‘காளை’ சேர்ந்தது. அதை வைத்துத்தான் 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தது. அதை எதிர்த்துத்தான் 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. வீட்டுத் தொழுவத்தில் பிள்ளைபோல் வளர்கிற காளையையும் நாலு சக்கரக் கூண்டில் வாழ்கிற சிங்கத்தையும் ஒரே வரியில் எழுதியது சரியா என்பது தனி வழக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்காக அந்த வரியில் சிங்கம் இருப்பது தவறாகிவிடாது.

தீர்ப்பு வந்த பிறகு விலங்குகளை எங்கே வைப்பது? மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சில ஊர்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தது. வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா, இன்னும் சில. சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கும் கிர் காட்டின் ஆசியச் சிங்கத்துக்கும் பிறந்த கலப்புகள். கூடாரத்துக்குள்ளேயே பிறந்து கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தவை. கிர் காட்டில் விட முடியாது; வேட்டை தெரியாது; இனம் கலந்துவிடும். அதனால் அவற்றைக் குட்டி போட விடவில்லை. தீனியும் வைத்தியமும் கொடுத்து, வயதாகி இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். ஒரு வம்சமே, யாருடைய பார்வையும் படாமல், சத்தமில்லாமல் தீர்ந்துபோனது. அவற்றைப் பழக்கினவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சிங்கத்தின் காதைப் பார்த்து அதன் மனத்தைச் சொல்லத் தெரிந்த அந்தக் கைகளை, மையங்களிலாவது முறையாக வேலைக்கு வைத்திருக்கலாம். அந்த அறிவும் சேர்ந்துதான் தீர்ந்தது.

நம் நாட்டுக்கு வெளியே, பிரான்ஸில் 2021-இல் போட்ட சட்டம், ஊர்சுற்றும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளை 2028 முதல் தடுக்கிறது. ரிங்லிங் 2017-இல் கூடாரத்தை மடித்து, 2023-இல் விலங்குகளே இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

தமுக்கத்துக் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் எனக்கு ஒன்றுக்கு வந்தது. அப்பா கூடாரத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வண்டிக் கூண்டுகள் வரிசையாக நின்றன. ஜரிகைச் சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கி கட்டியிருந்த மாஸ்டர், வாளியும் துடைப்பமுமாக ஒரு கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அந்தக் கிழட்டுச் சிங்கம். தண்ணீர் காலில் படாமல் ஒரு மூலைக்கு ஒதுங்கி நின்றது. அவர் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கம்பியில் புறங்கையை வைத்தார். அது வந்து கன்னத்தைத் தேய்த்தது. “சாப்ட்டியா?” என்றார். மலையாளம் கலந்த தமிழ். சிங்கத்திடம்தான் கேட்டார்.

அப்பா என்னைத் தோளில் தொட்டுப் போகலாம் என்றார். நான் அசையவில்லை. சிங்கம் நடக்கத் தொடங்கியிருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. திரும்பி அங்கிருந்து இங்கே. அது திரும்பும்போது விலா கம்பியில் உரசும் இடத்தில் முடி உதிர்ந்து தோல் வழவழப்பாக இருந்தது. நான் அதன் எட்டுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.